இழுவை மடியைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

பாக் விரிகுடாவில் நடக்கும் இழுவை மடி மீன்பிடிப்பு, அதாவது பை போன்ற வலையைக் கடல் தரையோடு இழுத்துப் போய் மீன் பிடிப்பது, பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தேன். படம் நாற்பது நிமிடம்கூட இல்லை. முடிக்க மூன்று வருடத்துக்கு மேல் ஆனது, என் சேமிப்பில் ஏழு லட்சம் ரூபாய் கரைந்தது. தயாரிப்பாளர் கிடையாது, குழு கிடையாது. கேமரா, ஒலி, பயணம், கணக்கு எல்லாம் நான் ஒருத்திதான். முன்பே இந்த வேலையைச் செய்த யாராவது ஒரு மணி நேரம் என்னோடு உட்கார்ந்து பேசியிருந்தால் அந்தப் பணத்தில் பாதியும் ஒரு முழு வருடமும் மிச்சமாகியிருக்கும். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் சிலர் அதே கரைக்குக் கேமராவோடு கிளம்புகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்களுக்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2021 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் 'சீஸ்பிரஸி' வந்தது. மீன்பிடித் தொழில் கடலுக்குச் செய்யும் கேட்டைப் பற்றிய படம். ஜப்பான், தாய்லாந்து, ஃபரோ தீவுகள் என்று போகிறது. பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அம்மா ஊர் ராமநாதபுரம் பக்கம். படத்தில் காட்டிய நாசம் என் தாய்மாமன் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் நடந்துகொண்டிருந்தது, நான் அதைப் பற்றி ஒரு வரி பேசியதில்லை. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் ஆசிரியை நான். விஸ்காம் படித்த காலத்தில் கல்யாண வீடியோ வேலைக்குப் போய்க் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டவள். சரி, நாமே எடுப்போம் என்று தோன்றியது.

பாக் விரிகுடாவின் நிலைமை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது ஆழமே இல்லாத கடல். பெரும்பாலான இடங்களில் பதினைந்து மீட்டர்கூட வராது. தரையெல்லாம் கடற்புல். ஆவுளியா என்று நம் மீனவர்கள் சொல்லும் கடற்பசு அந்தப் புல்லை மேய்ந்துதான் வாழ்கிறது. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்ததும் அதற்காகத்தான். இப்படி ஆழம் குறைந்த கடலில் இரண்டு பக்கமும் கனமான பலகை கட்டி, அடியில் சங்கிலி வைத்து மடியை இழுத்துப் போனால் புல் வேரோடு வரும், சேறு கிளம்பும், இறாலோடு சேர்ந்து விரல் நீளக் குஞ்செல்லாம் ஏறும். விலை போகாத அந்தக் குவியலுக்குக் கரையில் சங்காயம் என்று பெயர். காய வைத்துக் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. மடியின் கடைசிப் பகுதியில் வலைக்கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் விதி இருக்கிறது. சங்காயக் குவியல் முன்னால் ஐந்து நிமிடம் நின்று பார்த்தாலே அந்த விதி எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

இனி நாள்காட்டி. எனக்கு நீண்ட விடுமுறை என்றால் மே மாதம்தான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. இழுவையைப் படமாக்க முடியாது. ஆனால் வேறு எந்த மாதத்திலும் கிடைக்காத ஒன்று அப்போது கிடைத்தது. படகுகள் கரையேறி நிற்கும். பலகை, சங்கிலி, மடி எல்லாம் தரையில் கிடக்கும், கிட்டப் போய் அளந்து எடுக்கலாம். படகு உரிமையாளர்களுக்குப் பேச நேரம் இருக்கும். கடலுக்குப் போகும் நாட்களில் அவர்கள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியாது. அதனால் பேட்டிகளைத் தடைக்காலத்திலும் கடல் காட்சிகளை ஜூன் பாதிக்குப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. எந்த நாளில் யார் போகிறார்கள் என்று முந்தைய நாளே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக மீன்வளத் துறை டோக்கன் தராது. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டால் வேலைநிறுத்தம். அந்த நாட்களிலும் உங்கள் அறை வாடகையும் கேமரா வாடகையும் ஓடும். ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் நெருங்கினால் ராமேஸ்வரத்தில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை மூன்று மடங்கு. நான் பிறகு தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டு மாடியை மாத வாடகைக்குப் பிடித்தேன். அதன் பிறகுதான் செலவு கட்டுக்குள் வந்தது.

அனுமதி விஷயத்தில் என் பணம் அதிகம் வீணானது டிரோனில். மேலிருந்து பார்த்தால் படகுக்குப் பின்னால் சேற்றுக் கோடு தெரியும் என்று ஆசைப்பட்டேன். மதுரையிலிருந்து ஒரு டிரோன் ஆபரேட்டரைப் பேசி 18,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். அந்தக் கரையோரம் எல்லைப் பகுதி. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை. பெட்டியைத் திறக்கும்போதே விசாரணை வந்துவிட்டது. பறக்காத டிரோனுக்காக நானும் அவரும் சாயங்காலம் வரை பதில் சொன்னோம். முன்பணம் திரும்பி வரவில்லை. டிரோன் பற்றி யோசிக்கும் முன், எங்கே டிரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சிவப்பு என்றால் ஆபரேட்டர் எவ்வளவு உறுதியாகப் பேசினாலும் பணம் கொடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வனத்துறை எழுத்துப்பூர்வமாக அனுமதித்தால் தவிரக் கால் வைக்க முடியாது. இன்னொன்றையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை: மடியில் கடல் அட்டையோ கடல் குதிரையோ வந்தால் அதைக் கையில் எடுத்துக் காட்டச் சொல்லிப் படம் பிடிக்காதீர்கள். இரண்டுமே வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. உங்கள் காட்சியே அந்தத் தொழிலாளி மேல் வழக்காகத் திரும்பலாம்.

கேமராவைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் சுருக்கமாக இரண்டு விஷயம். கேமரா ஆடாமல் பிடித்துக்கொள்ளும் கிம்பலின் மோட்டாரை உப்புக்காற்று ஒரு மாதத்தில் முடக்கியது. வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர் பழுதுச் செலவென்று 38,000 ரூபாய் பிடித்துக்கொண்டார். 'கடல், மணல், ஈரம்' மூன்றாலும் வரும் பழுதுக்கு யார் பொறுப்பு என்று வாடகைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். தினமும் ராத்திரி ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் துடைத்து, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும். பதிவுகளை அன்றைக்கே இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, இரண்டையும் வேறு வேறு பையில் வையுங்கள்.

இனி எனக்கு உதவிய ஓர் அண்ணனைப் பற்றி. பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். டீசல், ஐஸ், எல்லாம் போக மிச்சத்தில் பங்கு. பாடு, அதாவது கிடைக்கும் மீன், சரியில்லாத நாளில் வெறுங்கையோடு வருவார். மீனவர் அட்டை இல்லாத என்னைப் படகில் ஏற்ற முடியாது, ஏற்றினால் படகுக்கே சிக்கல். அவர்தான் சொன்னார்: "தங்கச்சி, கேமராவை எங்கிட்ட குடு, நானே கட்டி எறக்குறேன்." முதலில் கொடுத்த கோப்ரோ என்ற சின்னக் கேமரா மடியோடு போய்த் திரும்பவில்லை, 35,000 ரூபாய். அவர் முகம் வாடிப் போனதைப் பார்த்து எனக்குப் பணம் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அடுத்ததை இரட்டைக் கயிறு போட்டுக் கட்டினார். அது வந்தது. முழுக்கப் பழுப்பு. பலகை தரையில் உரசும் சத்தமும், சேற்றுக்குள் அவ்வப்போது ஒரு வாலும். நான் அழுதுவிட்டேன். பிறகு அந்தப் பழுப்புதான் என் படத்தில் மிக நீளமான காட்சி ஆனது. தரையில் என்ன நடக்கிறது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி கிடையாது. படகின் மேல்தளத்தில் சங்காயம் பிரிப்பதை அவர் தன் போனிலேயே எடுத்துக் கொடுத்தார். நான் எடுத்த எதையும்விட அது நன்றாக இருந்தது. கடலுக்குள் நீங்கள் போக முடியாவிட்டால் தினம் போகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள், எடுத்த காட்சிக்கு ஊதியமும் கொடுங்கள், படத்தில் ஒளிப்பதிவு என்று போடலாமா என்று அவர்களையே கேளுங்கள்.

அவர் முகம் காட்டிப் பேட்டியும் கொடுத்தார். நான் வற்புறுத்தவில்லை, அவரே விரும்பினார். மூன்று மைலுக்குள் மடி இறக்குவது, சின்ன வலைக்கண், ராத்திரியில் நாட்டுப்படகுக்காரர்களின் வலை மாட்டி அறுவது, எல்லாவற்றையும் சொன்னார். தானே அறுத்ததையும் சொன்னார். அந்தப் பேட்டியைச் சுற்றித்தான் முழுப் படத்தையும் கோத்திருந்தேன். அப்போது படம் வெளிவரவில்லை, ஒரு துண்டுகூட எங்கும் போகவில்லை. ஆனால் அவர் பேசினார் என்ற செய்தி துறைமுகத்தில் பரவிவிட்டது. படகில் ஏற்ற மறுத்தார்கள். ஒரு படகு இல்லை என்றால் இன்னொரு படகு என்பது அங்கே நடக்காது, எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "நீங்க நல்லதுக்குத்தான் செய்றீங்க, தெரியும். ஆனா நீங்க படத்த முடிச்சிட்டு மதுரைக்குப் போயிருவீங்க, நாங்க இங்கதானே கெடக்கணும்" என்றார். அன்றே பேட்டியை எடுத்துவிடுவதாகச் சொன்னேன். கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் என்னிடம் இருந்தது. அதைக் காட்டி வாதாடலாம் என்று ஒரு சினிமாக்கார நண்பர் சொன்னார். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். என்னால் முடியவில்லை, முடிந்திருந்தாலும் செய்திருக்கக் கூடாது. படத்தில் பாதி போனது. எட்டு மாதம் கணினியைத் திறக்கவே மனம் வரவில்லை. கடலைப் பற்றிப் பேச வந்து ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்துவிட்டோமே என்ற நினைப்பு இன்றும் முழுதாகப் போகவில்லை. அவர் இப்போது நாட்டுப்படகு ஒன்றில் நண்டு வலைக்குப் போகிறார், பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டதைத் தயவுசெய்து நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளியிடம் பேசும்போது, அவர் முகம் காட்டத் தயாராக இருந்தாலும், கை மட்டும் தெரிவதாக ஒரு தடவையும் குரல் மட்டுமாக ஒரு தடவையும் கூடவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டியைத் துறைமுகத்தில் எடுக்காதீர்கள், அவர் தெருவிலும் எடுக்காதீர்கள். ஒப்புதலை ஒரு தடவை வாங்கினால் போதாது. பேட்டி முடிந்ததும் கேளுங்கள், வெட்டி முடித்ததும் போட்டுக் காட்டிவிட்டு மறுபடி கேளுங்கள், அப்போது வீட்டில் இருப்பவர்களும் கூட உட்காரட்டும். 'வெளியீட்டுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். ஒரே ஆளின் வாக்குமூலத்தின் மேல் முழுப் படத்தையும் நிறுத்தாதீர்கள். அவர் சொன்ன அதே விவரம் வேறு இடத்திலிருந்தும் கிடைக்குமா என்று முதலிலிருந்தே தேடுங்கள். நான் பின்னால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். விதிமீறல் வழக்குகளைப் பற்றி அதில் வந்த பதிலை வைத்துத்தான் படத்தின் நடுப்பகுதியை மீண்டும் கட்டினேன். என் மொத்தச் செலவிலேயே மிகக் குறைவானது அந்தப் பத்து ரூபாய்.

வலை அறுபடுகிறவர்களின் குரல் இல்லாமல் இந்தப் படம் நிற்காது. நம் பக்கத்து நாட்டுப்படகுக்காரர்களும் அறுபடுகிறார்கள், நம் விசைப்படகுகள் எல்லை தாண்டிப் போவதால் அந்தக் கரையில் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களும் அறுபடுகிறார்கள். அவர்கள் போர்க்காலத்தில் கடலுக்கே போக முடியாமல் கிடந்தவர்கள். 2009க்குப் பிறகு கடன் வாங்கி வலை போட்டால் விடியும்போது வலை இல்லை. இலங்கை 2017இல் கடலடி இழுவையைச் சட்டத்தால் தடை செய்தது. நம் ஊர்ச் செய்திகளில் கைது மட்டும்தான் வருகிறது. நம் மீனவர் கைதாவது எனக்கும் வலிக்கும் விஷயம்தான், சிறையில் கிடப்பவர் பெரும்பாலும் கூலிக்குப் போனவர். ஆனால் அறுந்த வலையும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வலைதான் என்பதை நம்மில் யாராவது சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கே நேரில் போய் எடுக்க விசாரித்தேன். சுற்றுலா விசாவில் கேமராவோடு போய்த் தொழில்முறையில் எடுப்பது ஆபத்து, முறைப்படி அனுமதி வாங்க ஆகும் காலம் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. யாழ்ப்பாணத்து ஒளிப்பதிவாளர் ஒருவருக்குக் கேள்விகளை அனுப்பி, அவர் எடுத்துத் தந்தார். நான் போயிருந்தால் வந்த செலவில் கால்வாசிதான் ஆனது. பேசியவர்களும் தங்கள் ஊர்க்காரரிடம் பேசுகிற மாதிரியே மனம் விட்டுப் பேசினார்கள். ஓர் அம்மா, "உங்கட படகு வந்து போனாப் பிறகு கடல் உழுத வயல் மாதிரிக் கிடக்குது பிள்ளை" என்றார்.

எண்கள் விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். 'சீஸ்பிரஸி'யில் 2048க்குள் கடல் காலியாகிவிடும் என்று வரும். அதைத் தேடிப் போனேன். 2006இல் 'சயன்ஸ்' இதழில் போரிஸ் வோர்ம் முதலானோர் எழுதிய ஆய்விலிருந்து அது கிளம்புகிறது. அதே வோர்ம், தன்னைக் கடுமையாக விமர்சித்த ரே ஹில்பார்னோடு சேர்ந்து 2009இல் இன்னோர் ஆய்வு வெளியிட்டார். ஒழுங்காக மேலாண்மை செய்யும் இடங்களில் மீன்வளம் மீண்டு வருகிறது என்று அது காட்டியது. அதனால் 2048ஐ நான் தொடவில்லை. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், கணக்கெடுத்த மீன்வளங்களில் 37.7 சதவீதம் தாங்கும் அளவை மீறிப் பிடிக்கப்படுகின்றன என்று இருக்கிறது. அதைப் போட்டேன். அந்தச் செய்தியே போதுமான அளவு பயங்கரமானது. ஒரு திரையிடலில் படகு உரிமையாளர் ஒருவர் எழுந்து ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்ததால்தான் அவர் மறுபடி உட்கார்ந்து கேட்டார். ஒரு எண் தப்பாக இருந்திருந்தால் மிச்சப் படத்தையும் தூக்கிப் போட்டிருப்பார். உலக வரைபடத்தில் மீன்பிடிக் கப்பல்களைக் காட்டும் இணையத் தளங்களையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். இருக்கும் இடத்தை அறிவிக்கும் கருவி பொருத்திய கப்பல்தான் பெரும்பாலும் அதில் தெரியும், நம் கரைச் சிறு விசைப்படகுகள் பெரும்பாலும் தெரியாது.

எடுத்து முடித்த பிறகும் பணம் கேட்கும். வெளிநாட்டு விழாக்களுக்கு நுழைவுக் கட்டணம் கட்டியே நாற்பதாயிரத்துக்கு மேல் போனது, பலன் குறைவு. சர்வதேச வெளியீடு வாங்கித் தருகிறோம் என்று ஒரு விநியோக நிறுவனம் 60,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பிறகு போனை எடுக்கவில்லை. படத்தை விற்றுத் தருகிறேன் என்பவர் விற்ற பிறகு பங்கு எடுத்துக்கொள்ளட்டும், முன்னால் பணம் கேட்டால் விலகிவிடுங்கள். தியேட்டரிலோ பொது அரங்கிலோ போட வேண்டுமானால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், அதற்கும் ஒரு தொகை எடுத்து வையுங்கள். ஆங்கிலத் துணைத்தலைப்பைக் கடலோரப் பேச்சு தெரிந்தவரிடம் கொடுங்கள். நான் முதலில் கொடுத்த இடத்தில் 'பாடு' என்று வந்த இடமெல்லாம் கஷ்டம் என்று போட்டுவிட்டார்கள், திருத்த மறுபடி காசு.

கடலோர ஊர்களில் போட்டுக் காட்டியபோது விசைப்படகுக்காரர்கள் என்னை எதிரியாகப் பார்ப்பார்கள் என்று பயந்துகொண்டே போனேன். கோபம் இருந்தது. ஆனால் அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி: "இழுவை மடிய எங்க அப்பன் கண்டுபிடிக்கல, அரசாங்கம்தானே மானியம் குடுத்து எறக்குச்சு?" உண்மைதான். 1950களில் கேரளத்தில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியதிலிருந்து இறால் ஏற்றுமதிக்காக விசைப்படகை வளர்த்தது அரசுகளே. பிறகு அந்த இழுவையை விடச் சொல்லி 2017இல் ஆழ்கடல் திட்டம் வந்தது. 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் 10. இலக்கு 2,000 படகுகள். ராத்திரி போய்க் காலையில் திரும்பிப் பழகியவர்களை வாரக்கணக்கில் ஆழ்கடலில் சூரை பிடிக்கச் சொல்கிறது திட்டம். எத்தனை பேர் மாறினார்கள், மாறியவர்கள் கடனைக் கட்ட முடிகிறதா, கூலிக்குப் போனவர்களுக்கு அந்தத் திட்டத்தில் என்ன இருக்கிறது, இதையும் படத்தில் சேர்க்க வேண்டும் என்றார்கள். சேர்க்கத்தான் வேண்டும். அதற்குத் தகவல் உரிமை மனு போட்டிருக்கிறேன். பதில் வந்ததும் கடைசிப் பகுதியை வெட்டி மாற்ற எடிட்டருக்கு இரண்டு நாள் ஊதியம் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த தடைக்காலத்துக்குள் மாற்றிய படத்தை முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.